புரட்டாசியில் ஏன் கறி இல்லை? ஒரு மாதமும் மூன்று கேள்விகளும்

புகுந்த வீட்டில் புரட்டாசி பிறந்ததும் முட்டைகூட வாசற்படி தாண்டுவதில்லை. இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது, இதற்கு அறிவியல் காரணம் ஏதும் உண்டா, மூன்று வயதுப் பையனுக்கும் இந்த ஒரு மாதம் முட்டை கொடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு அவசரம். ஆனால் முதல் இரண்டுக்கும் ஒழுங்கான பதில் தெரிந்தால்தான் மூன்றாவதை வீட்டில் மனத்தாங்கல் இல்லாமல் பேச முடியும். அதனால் வரிசையாகவே போகிறேன்.

சாஸ்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். புரட்டாசியில் புலால் விலக்குகிறவர்கள் யாரும் ஒரு நூலை எடுத்துக் காட்டி அதைச் செய்வதில்லை. பெருமாளுக்கு உகந்த மாதம், திருமலையில் பிரம்மோற்சவம் நடக்கும் மாதம், சனிக்கிழமை தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றும் மாதம் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படும். கடைப்பிடிக்கும் விதமும் வீட்டுக்கு வீடு மாறும். சில வீடுகளில் சனிக்கிழமை மட்டும். சில வீடுகளில் தளிகை போடுகிற வரைக்கும். சனிக்கிழமை நாமம் போட்ட சொம்பை ஏந்தி, 'கோவிந்தா' சொல்லி நாலு வீட்டில் அரிசி வாங்கிப் படைத்துவிட்டால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே குழம்பு கொதிக்கும். சில வீடுகளில் மாதம் முழுவதும். எழுதி வைத்த விதியாக இருந்தால் இவ்வளவு நெளிவு சுளிவு இருக்காது. இது குலவழக்கம். உங்கள் மாமியாருக்கு அவருடைய மாமியார் சொன்னது.

மதம் சாப்பாட்டை எப்படி மாற்றுகிறது என்று பேச்செடுத்தால் பலரும் நேரே வேதம், குர்ஆன், விவிலியம் என்று நூல்களுக்குப் போய்விடுகிறார்கள். நூலில் இருப்பது கொஞ்சம்தான். மீதியைத் தீர்மானிப்பது நாள்காட்டியும் அடுப்படியும் பக்கத்து வீடும். புரட்டாசி அதற்குக் கைவசம் இருக்கும் நல்ல உதாரணம். நான் மேலே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் அந்த 'அறிவியல்' விஷயத்தை முடித்துவிடுகிறேன். வெயிலில் காய்ந்த பூமியில் மழை விழுந்து சூடு கிளம்பும், அப்போது செரிமானம் மந்தமாகும், கிருமிகள் பெருகும், ஆகவே முன்னோர்கள் அசைவத்தைத் தடுத்தார்கள் என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு செய்தி பறக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதே மாதத்துக்குக் கன்னி என்று பெயர். அங்கே மீன் கடைகள் வழக்கம்போல் நடக்கின்றன. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கோழி விலை சரிவது தீபாவளிக்குப் பிறகு வரும் கார்த்திக மாசத்தில். மகாராஷ்டிரத்தில் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் வரும் சிராவண மாதத்தில் விலக்குகிறார்கள். அது பிறப்பதற்கு முந்தைய அமாவாசைப் பொழுதில் இனி ஒரு மாதத்துக்குக் கிடைக்காது என்று கறியும் மதுவுமாகக் கொண்டாடித் தீர்ப்பதும் அங்கே உண்டு. உடம்புச் சூடுதான் காரணம் என்றால் செரிமானம் மாநில எல்லை பார்த்தா மாறும்? அந்தந்த ஊரில் எந்தத் தெய்வத்துக்கு எந்த மாதம் உரியதோ, அந்த மாதத்தில் கறி நிற்கிறது. விஷயம் அவ்வளவுதான். நம்பிக்கையைக் காப்பாற்ற அறிவியலைக் கூப்பிடுவது நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் மரியாதை இல்லை என்பது என் கட்சி.

இனி நாள்காட்டிக்கு வருகிறேன். 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 சதவீதத்தினர் அசைவம் உண்பவர்கள். இந்த எண்ணை மேடையில் வீசி வாதாடுகிறவர்கள் அது சொல்லாத ஒன்றைக் கவனிப்பதில்லை. எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அது சொல்கிறது. என்றைக்குச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. சாதாரணமாக ஒரு தமிழ் இந்துக் குடும்பத்தில் செவ்வாயும் வெள்ளியும் கறி கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே வருடத்துக்கு 104 நாள். புரட்டாசியில் மீதி நாட்கள், மாதாமாதம் அமாவாசை, கிருத்திகை எல்லாவற்றையும் சேர்த்தால் 150-ஐ நெருங்கும். வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டால் இன்னும் 41 நாள். அசைவம் உண்ணும் குடும்பமே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி நாள் சைவமாக வாழ்கிறது. இதைச் சொல்ல எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சந்தைக்கு மட்டும் இது நன்றாகத் தெரியும். புரட்டாசியில் சென்னை காசிமேட்டில் மீன் வாங்கக் கூட்டம் குறையும். நாமக்கல்லில் முட்டைக் கொள்முதல் விலை இறங்கும். கறிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வெட்டும் ஆட்டின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, வேலையாளுக்கு விடுப்பும் கொடுத்துவிடுவார். புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் வரிசை தெருமுனையைத் தாண்டும். அரசாங்கத்துக்கும் தனி நாள்காட்டி உண்டு. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை வரும். அக்டோபர் 2 எப்போதும் புரட்டாசியில்தான் விழுகிறது. கடைக்காரருக்கு அன்றைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. திருவள்ளுவர் நாள் அப்படியில்லை. பொங்கலுக்கு மறுநாள் அது. முந்தின நாளே வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்வதை மக்கள் பழகிவிட்டார்கள்.

புரட்டாசிக்கு இரண்டு மாதம் முன்னால் வருகிற ஆடியைப் பாருங்கள். அதே வீடு, அதே அடுப்பு. ஆனால் இப்போது அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துப் படைப்பார்கள். கிராமத்தில் கிடா வெட்டுவார்கள், சேவல் அறுப்பார்கள். ஆடியில் தெய்வமே கேட்டு வாங்கிச் சாப்பிடும் கறி, புரட்டாசியில் தெய்வத்துக்கு ஆகாததாகிவிடுகிறது. முரண்பாடாகத் தோன்றலாம். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. அம்மனுக்குக் கொடுப்பது வேறு, பெருமாளுக்குக் கொடுப்பது வேறு. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்குத் தை மாதத்தில் நடக்கும் திருவிழாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகளை வெட்டி, விடிவதற்குள் அண்டா அண்டாவாகப் பிரியாணி செய்து, அதையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் தங்கள் தொழிலைக் காத்த சாமிக்குச் செய்யும் நன்றி அது. இதில் கைவைக்க அரசும் ஒருமுறை முயன்று பார்த்தது. கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950 முதல் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003-இல் அதைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கிராமங்களில் எழுந்த கோபத்தைப் பார்த்து மறுவருடமே சட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்த இருமுகம் இன்று நேற்று வந்ததில்லை. அந்தணரான கபிலர், கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை உன்னைப் பாடுகிறவர்களின் கை, அதனால்தான் மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் சொல்வது புறநானூற்றில் 14-ஆவது பாட்டு. திருக்குறளில் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே உண்டு. பிறகு வந்த பெரிய புராணத்தில் கண்ணப்பர், பன்றி இறைச்சியை வாயில் போட்டுச் சுவை பார்த்துக் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். ஆகமம் தெரிந்த சிவகோசரியார் அருவருத்து அதைத் துடைத்தெடுக்கிறார். இறைவன் வேடனின் பக்கம் நிற்கிறார். மூன்றும் தமிழரின் மரபுதான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 'நம் முன்னோர்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள்' என்று சொல்கிறவர் மற்ற இரண்டையும் படிக்கவில்லை.

நம்பிக்கை அடுப்படிக்குள் எப்படி வேலை செய்கிறது என்று நெருங்கிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரைக்குப் புறத்தே ஆயர் சேரியில் கோவலனும் கண்ணகியும் மாதரி வீட்டில் தங்குகிறார்கள். கோவலன் சமண இல்லறத்தாருக்குரிய சாவக நோன்பு உடையவன். பகலிலேயே உண்டாக வேண்டும். ஆகவே மாதரி, பொழுதோடு சமைப்பதற்கு நல்ல கலங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து கொடுக்கச் சொல்கிறாள். ஆய்ச்சியர் கொண்டு வந்து கொடுப்பதாக இளங்கோ சொல்லும் பட்டியலைக் கவனியுங்கள்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, அவர்கள் மாட்டின் பால். மரத்திலும் கொடியிலும் தொங்குபவை, கதிரில் விளைவது, மடியில் கறப்பது. மண்ணைத் தோண்டி எடுக்கும் கிழங்கு ஒன்றுகூட இல்லை. சமணர் கிழங்கை விலக்குவார்கள் என்பது தெரிந்த ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்தால் சிரித்துக்கொள்வார். நோன்பு கோவலனுடையது, அரிந்து அரிந்து விரல் சிவப்பதும், அடுப்புப் புகையில் முகம் வியர்ப்பதும், கண் சிவப்பதும் கண்ணகிக்கு. அதையும் இளங்கோ விடாமல் எழுதியிருக்கிறார்.

அடுத்து, நான் எங்கே போனாலும் விசாரிக்கும் ஒரு விஷயம்: கோயில் மடைப்பள்ளி. ஆசாரமான பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் கிடையாது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளியும் தயிரும். காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் இட்லியை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றிப் பல மணி நேரம் வேக வைக்கிறார்கள். அதில் மிளகு, சீரகம், சுக்கு. அழகர்கோவில் தோசையில் தோல் நீக்காத உளுந்தும் மிளகும் நெய்யும். காரணம் எளிது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது. அதற்கு முன்பே கோயில் தளிகையின் முறை நிலைத்துவிட்டது. வெளியே வீட்டுச் சமையல் தலைகீழாக மாறியது. உள்ளே பெருமாள் மட்டும் பழைய சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பிராமணர் வீட்டுத் திவசச் சமையலும் இதே கதைதான். அன்றைக்குப் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் போன்ற 'இங்கிலீஷ் காய்' எதுவும் அடுப்படிக்குள் வராது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேனை, பயத்தம் பருப்பு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை. மிளகாய்க்குப் பதில் மிளகு, பெருங்காயமும் கிடையாது. ஒரு பாகற்காய் நூறு கறிக்குச் சமம் (இங்கே கறி என்றால் காய்கறி), பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று ஒரு கணக்கும் உண்டு. 1,008 கறி சமைக்க வேண்டும் என்று விசுவாமித்திரர் அடம் பிடித்தபோது வசிட்டர் வீட்டில் இந்த மூன்றோடு இன்னும் எட்டுக் கறியை வைத்துக் கணக்கை நேர் செய்ததாகக் கதை சொல்வார்கள். பதிலுக்குப் பதில் சொல்லத் தெரிந்த யாரோ சமையற்காரர் கட்டிய கதையாகத்தான் இருக்க வேண்டும்.

இதிலும் நூல் பிடித்தாற்போல் ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். முந்திரியும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். மிளகாயைத் தடுத்து நிறுத்திய மடைப்பள்ளி, முந்திரியைச் சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போட்டுக்கொண்டது. திருப்பதி லட்டிலும் அது உண்டு. சர்க்கரைவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பொங்கல் குழம்பில் அது இல்லாவிட்டால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பதை எந்தக் கொள்கையும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. ருசியும் வசதியும் நம்பிக்கைக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் இரண்டு தலைமுறையில் அதுவே ஆசாரமாகிவிடும். திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். பெருமாள் மேல் காதல் கொண்ட டெல்லி சுல்தான் மகள் என்பது ஐதீகம். அவள் பிறந்த வீட்டுச் சாப்பாட்டுக்கும் கோயிலில் இடம் கிடைத்துவிட்டது.

மற்ற மதத்தவரிடம் இது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எழுதி வைத்த சட்டம் உடைய மதங்களில்கூட ஊரும் அடுப்படியும் எவ்வளவு தூரம் ஆள்கின்றன என்று பார்த்தால் உங்கள் வீட்டு வழக்கம் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

முஸ்லிம்களுக்கு ஹலால், ஹராம் தெளிவாக வகுக்கப்பட்டவை: பன்றி, தானாகச் செத்தது, இரத்தம், அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது ஆகியவை கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நண்டு? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் ஷாபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி கடலில் வாழ்பவை ஏறத்தாழ எல்லாம் கூடும். உள்நாட்டு இராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனபி மத்ஹப்; அதில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே கூடும். ஆகவே நண்டு விலக்கு. இறால் மீனா இல்லையா என்று ஹனபி அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. அரபிக் கடல் வணிகத்தோடு வந்த மத்ஹப் கடற்கரையில் தங்கியது, அங்கே நண்டு தட்டில் இருக்கிறது. காயல்பட்டினக் கல்யாணத்தில் களறிக் கறியும் நெய்ச்சோறும் பரிமாறும்போது சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். எச்சில் என்று தன் இலையைத் தனியே வைத்துக்கொண்டு பழகியவருக்கு அதைப் பார்க்க முதலில் திகைப்பாக இருக்கும்.

ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைக் குர்ஆனில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கொஞ்சம் கொத்துக்கறி போட்டுக் குழைய விட்ட கஞ்சி. பகல் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காத வயிற்றுக்கு அதைவிட இதமானது கிடையாது. மாலையில் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கிறவர்களில் இந்துப் பிள்ளைகளும் உண்டு. 2001 முதல் தமிழக அரசு இதற்கென்றே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுத்து வருகிறது. நோன்பு அரபு நாட்டிலிருந்து வந்தது, கஞ்சி முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுடையது.

கத்தோலிக்கர்களின் தவக்காலம் இன்னும் சுவையானது. திருச்சபைச் சட்டம் சாம்பல் புதனன்றும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விலக்கச் சொல்கிறது. மீனுக்குத் தடை இல்லை. ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை என்றாலே மீன் என்று ஆனது அதனால்தான். தமிழ்நாட்டில் தவக்காலம் அனுசரிக்கும் பல குடும்பங்கள் நாற்பது நாளும் மீன், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் சேர்த்தே விடுகின்றன. ரோமாபுரி கேட்காததை ஏன் கொடுக்கிறார்கள்? விரதம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்து வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களிடமும் இதையே பார்க்கலாம். இன்னொரு பக்கம், திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் அசனம் என்று ஒரு விழா உண்டு. ஆடுகளை வெட்டி, ஊர் முழுவதற்கும் ஒரே அடுப்பில் ஆக்கி, ஒரே பந்தியில் போடுவார்கள். கொடை விழாவில் கிடா வெட்டிப் பங்கு போட்ட ஊர், மதம் மாறிய பிறகும் சேர்ந்து உண்பதை விடவில்லை. இதே ஊர்களில் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடத் தயங்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. அது தெரிந்த பக்கத்து வீட்டு அம்மா, சாமிக்கு வைப்பதற்கு முன்பே முறுக்கிலும் அதிரசத்திலும் அவர்கள் பங்கைத் தனியே எடுத்து மூடி வைத்துவிடுவார். மத நல்லிணக்கம் பற்றிய பல கூட்டங்களில் கேட்ட பேச்சைவிட அந்த மூடி வைத்த தட்டு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதைச் சாப்பிடுவது என்பது பாதி. யாரோடு சாப்பிடுவது என்பது மறுபாதி. இங்கே நம்பிக்கைக்கு ஒரு கசப்பான முகமும் உண்டு, அதை விட்டுவிட்டு எழுதினால் நேர்மையாகாது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்று ஏற்பட்ட தகராறு 1924, 1925-இல் தமிழ்நாட்டு அரசியலையே கலக்கியது. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அந்தப் பந்தியும் உண்டு. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று இருந்தது 1941-இல்தான் போனது. இதற்கு நேர் எதிராக அதே நம்பிக்கையிலிருந்து வந்தவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூர் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அவர் புலாலைக் கடுமையாக மறுத்தவர். ஆனால் பசித்தவன் எதைத் தின்பவன் என்று விசாரித்துவிட்டுச் சோறு போடச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். விரதம் வீட்டுக்குப் பொதுவாகத் தெரிந்தாலும் அதன் வேலை ஒருவர் தலையில்தான் விழுகிறது. புரட்டாசிக்கு முந்தின நாள் அசைவப் பாத்திரங்களைத் தேய்த்துக் கட்டிப் பரணில் ஏற்றுவது, அடுப்பைக் கழுவுவது, ஏகாதசியன்று தான் பட்டினி கிடந்துகொண்டே மற்றவர்களுக்கு உப்புமாவும் அடையும் செய்வது, மாலை போட்டவருக்குக் குளித்துவிட்டுத் தனியாகச் சமைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. உங்கள் மாமியார் முட்டை விஷயத்தில் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அவருக்குப் பையன் முட்டை சாப்பிடுவது அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்காது. கழுவித் துடைத்து மாற்றிய அடுப்படியில், மாவிளக்குக்கு மாவு இடிக்கும் இடத்தில், முட்டை வேகக் கூடாது என்பதுதான் பிரச்சினை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதைக் கேட்டால் 'கூடாது' என்பார். இரண்டாவதைப் பேசினால் வழி கிடைக்கும்.

குழந்தைக்கு விலக்கு என்பது பல மரபுகளிலும் உண்டு. இஸ்லாத்தில் பருவம் அடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் கர்ப்பிணிக்கும் சலுகை இருக்கிறது. கத்தோலிக்கச் சட்டப்படி இறைச்சி விலக்குவது 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான். நம் வீடுகளில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றாலும், பிள்ளைத்தாய்ச்சியையும் பச்சைப் பிள்ளையையும் விரதத்தில் சேர்ப்பதில்லை என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடியிலும் புரட்டாசி என்று முட்டையை நிறுத்துவதில்லை. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள், அவ்வளவே.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பையன் வயதுக்கேற்ற எடையோடு, ஓடியாடி விளையாடிக்கொண்டு இருந்தால், ஒரு மாதம் முட்டை இல்லாமல் பால், தயிர், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை உருண்டை என்று ஓட்டிவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. எடை குறைவு என்று குழந்தை மருத்துவர் முட்டையைக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் நிறுத்த வேண்டாம். அதை நீங்கள் சொல்வதைவிட அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். பிறகு முட்டை வேக வைக்க ஒரு சின்னப் பாத்திரத்தையும் மின்சார அடுப்பையும் பின்கட்டிலோ மாடியிலோ தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று மாமியாரிடமே யோசனை கேளுங்கள். சனிக்கிழமை மட்டும் அதையும் வேண்டாம் என்பார். அதற்குச் சரி சொல்லிவிடுங்கள்.